டொம் டொம் என்று மட்டும் அடிக்கிறதா? ஆம்பை விடுங்கள், பெட்டியை அளந்து பாருங்கள்

கேள்வி: ஹோம் தியேட்டருக்கு நானே சப்வூஃபர் (ஆழமான கீழ் சத்தத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி) செய்யலாம் என்று 12 இஞ்ச் வூஃபர் ஒன்றும், 200 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் வாட்) பிளேட் ஆம்ப் (பெட்டியிலேயே பூட்டும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்றும் வாங்கினேன். கார்பென்டர் ஒருவர் 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் மூடிய பெட்டி செய்து கொடுத்தார். உட்புறம் 35 × 35 × 23 செ.மீ. பாட்டுக்கு எல்லாமே ஒரே மாதிரி டொம் டொம் என்று அடிக்கிறது. படத்தில் இடி, வெடிச் சத்தம் வரும்போது ஒன்றுமே இல்லை. வூஃபர் விற்றவர் "வாட் பத்தாது, ஆயிரம் வாட் ஆம்ப் போடுங்கள், இல்லையென்றால் பெட்டியில் ஓட்டை போட்டு ஒரு பைப் வையுங்கள்" என்கிறார். எதைச் செய்யட்டும்? கார் ஆம்ப் ஒன்றும் சும்மா கிடக்கிறது, அது உதவுமா? வூஃபரோடு வந்த தாளில் எஃப்எஸ் 26, க்யூடிஎஸ் 0.55, விஏஎஸ் 100 லிட்டர் என்று போட்டிருக்கிறது.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் வூஃபர் நல்ல வூஃபர், ஆம்பும் போதும். பெட்டிதான் சின்னது.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கே நன்றி. எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் "12 இஞ்ச், ஆயிரம் வாட், சிவப்புக் கலர்" என்ற அளவில்தான் விவரம் இருக்கும். நீங்கள் எழுதிய மூன்று எண்களையும் பெட்டியின் அளவையும் வைத்து, வூஃபரைக் கண்ணால் பார்க்காமலே உங்கள் வீட்டில் என்ன சத்தம் வருகிறது என்று சொல்லிவிடலாம். எஃப்எஸ் என்பது வூஃபர் தானாக நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பது (அதுதான் ஹெர்ட்ஸ், எண் குறையக் குறைய சத்தம் ஆழமாகும்), க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டம் எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்பது, விஏஎஸ் என்பது வூஃபரின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு. கணக்கு கஷ்டமில்லை, போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

35 × 35 × 23 என்றால் 28 லிட்டர் சொச்சம். வூஃபரின் காந்தமும் ஆம்பின் பின்பகுதியும் அடைத்துக்கொள்ளும் இடம் போக 25 லிட்டர் என்று வையுங்கள். விஏஎஸ் 100-ஐ 25-ஆல் வகுத்தால் 4, அதோடு 1 கூட்டினால் 5, அதன் வர்க்கமூலம் 2.236. இந்த எண்ணால் மற்ற இரண்டையும் பெருக்குங்கள். எஃப்எஸ் 26 என்பது 58 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், க்யூடிஎஸ் 0.55 என்பது 1.23 ஆகிவிடும். அதாவது வெளியே சும்மா தொங்கவிட்டால் 26 ஹெர்ட்ஸில் ஆடக்கூடிய வூஃபரை, பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு விறைப்பான ஸ்பிரிங் மாதிரி பிடித்துக்கொண்டு 58-க்குத் தூக்கிவிட்டது. இரண்டாவது எண் 0.7-ஐ ஒட்டி இருந்தால் சத்தம் சமமாக, அடக்கமாக வரும். 1-ஐத் தாண்டினால் ஒரு இடத்தில் மேடு தட்டும். உங்களுக்கு 1.23. 70 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டரை டெசிபல் மேடு, அதுதான் உங்கள் டொம் டொம். அப்புறம் கீழே போகப் போக ஒரே சரிவு, 29 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் பள்ளம். படத்தில் இடி இறங்குவது அந்தப் பள்ளத்தில்தான்.

இப்போது அந்த ஆயிரம் வாட் யோசனைக்கு வருவோம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 13 டெசிபல் வித்தியாசம். வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல், அப்படியானால் 13 டெசிபலை நிரப்ப 20 மடங்கு வாட் வேண்டும். 200-க்கு 4000! அதுவும் போகட்டும், ஆம்பைப் பெரிதாக்கினால் பள்ளம் மட்டுமா ஏறும்? மேடும் சேர்ந்துதான் ஏறும். இன்னும் பெரிய டொம் டொம் கிடைக்கும், அவ்வளவுதான். விற்றவருக்கு இது தெரியாதா என்று கேட்டால், சிலருக்கு நிஜமாகவே தெரியாது, சிலருக்கு அந்த ஆம்ப் ரொம்ப நாளாக அலமாரியில் கிடக்கிறது.

அந்த "ஆயிரம் வாட்" எந்த வாட் என்றும் கேளுங்கள். பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, பேட்டரி டார்ச்சில் "லட்சம் மெழுகுவர்த்தி வெளிச்சம்" என்று ஒட்டுவது மாதிரிதான். ஆம்பைத் திருப்பி, மின்சார ஒயர் நுழைகிற இடத்தில் இருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள். முன்பக்கம் 3000 என்று தங்க எழுத்தில் இருக்கும், பின்பக்கம் "மின் நுகர்வு 120 வாட்" என்று கடுகு எழுத்தில் இருக்கும். 120 வாங்குகிற பெட்டி தொடர்ந்து 3000 கொடுக்க அது என்ன அட்சய பாத்திரமா? அமெரிக்காவில் 1974-லேயே வீட்டு ஆம்புக்கு வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் கடையில் இன்னும் பிஎம்பிஓ ஓடுகிறது. வூஃபர் கதை இன்னும் மோசம். பொறியாளர்கள் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் ஆரம்பத்திலும் இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் மூன்று எண் அச்சடிக்காமல் "அதிகபட்சம் 1500 வாட்" என்று மட்டும் போட்டு வூஃபர் விற்க முடிகிறதென்றால், யாரும் கேட்பதில்லை என்றுதானே அர்த்தம்? எண் இல்லாத வூஃபரை வாங்காதீர்கள். "12 இஞ்ச் ரெடிமேட் பெட்டி" என்று கம்பளம் ஒட்டி விற்பதையும் வாங்காதீர்கள். 12 இஞ்ச் என்பது வூஃபரின் அளவு, பெட்டியின் அளவு இல்லை.

பைப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைப் வைத்த பெட்டி தப்பு என்று நான் சொன்னதாக நாளைக்கு யாராவது கிளப்பிவிடுவார்கள். உங்கள் 25 லிட்டர் பெட்டியை 25 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய (பைப்பில் உள்ள காற்று அந்த எண்ணில் ஆடும்படி அமைக்க), 10 செ.மீ. விட்டமுள்ள பைப் எவ்வளவு நீளம் வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய 143 செ.மீ. 35 செ.மீ. பெட்டிக்குள் ஒன்றரை மீட்டர் பைப்பை எங்கே வைப்பீர்கள்? அதனால் நடப்பது என்னவென்றால், கைக்குக் கிடைத்த 15 செ.மீ. துண்டைச் சொருகிவிடுவார்கள். அது 65 ஹெர்ட்ஸில் டியூன் ஆகும், ஏற்கெனவே மேடு இருக்கிற அதே இடத்துக்குப் பக்கத்தில். அதற்குக் கீழே உள்ள சத்தத்தில் பெட்டிக் காற்று வூஃபரைப் பிடித்து வைக்காது, கோன் (வூஃபரின் ஆடும் கூம்பு) பிடிமானமில்லாமல் முன்னும் பின்னும் பாயும். ஒரு நல்ல வெடிச் சீனில் வாய்ஸ் காயில், அதாவது கோனை ஆட்டும் கம்பிச் சுருள், போய் முட்டி 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பைப் எப்போது சரி? க்யூடிஎஸ் 0.3-லிருந்து 0.4-க்குள் இருக்கிற வூஃபராக இருக்க வேண்டும். பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். உதாரணமாக 90 லிட்டர் பெட்டியை 22 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய 10 செ.மீ. பைப் 47 செ.மீ. நீளம் வரும், அது உள்ளே வைக்கக்கூடிய நீளம். பைப் ஒல்லியாக இருக்கக்கூடாது, காற்று வேகமாகப் பாய்ந்து 'புஸ் புஸ்' என்று ஊதும். பைப்பின் உள்வாயிலிருந்து எதிர்ப் பலகைக்கு அதன் விட்டம் அளவாவது இடைவெளி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், டியூன் செய்த அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டிவிடும் சப்சானிக் ஃபில்டர் ஆம்பில் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் கூடி வந்தால், அதே வூஃபர் பைப் பெட்டியில் கீழ் சத்தத்தை மூடிய பெட்டியைவிடத் தாராளமாகக் கொடுக்கும், நானே அப்படிச் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் க்யூடிஎஸ் 0.55. முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது, மூடிய பெட்டியிலேயே இருங்கள்.

சரி, எவ்வளவு பெரிய பெட்டி? அந்த இரண்டாவது எண் கச்சிதமாக 0.7 வர 150 லிட்டர் வேண்டும். அவ்வளவு பெரிதாகச் செய்தால் வீட்டில் சண்டை வரும். 90 லிட்டர் போதும். அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 0.8-ம் 38 ஹெர்ட்ஸும் வரும். மேடு காதுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும், 29 ஹெர்ட்ஸில் பழைய பெட்டியைவிட ஐந்தரை டெசிபலுக்கு மேல் கூடும். அதைப் பழைய பெட்டியில் வாங்க ஏறக்குறைய நாலு மடங்கு வாட் கொட்ட வேண்டியிருக்கும். வூஃபர், ஆம்ப், உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டம் எல்லாம் அடைக்கும் இடத்துக்கு 5 லிட்டர் சேர்த்து 95 ஆக வையுங்கள். உட்புறம் 45 × 45 × 47 செ.மீ. என்று கார்பென்டரிடம் எழுதியே கொடுங்கள். "உட்புறம்" என்பதை அடிக்கோடிட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னால் வெளி அளவாக எடுத்துக்கொண்டு இருபது லிட்டருக்கு மேல் சாப்பிட்டுவிடுவார்.

பலகை அதே 18 மி.மீ. எம்டிஎஃப் போதும். நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய ஒரு சட்டம் வைத்தால் பக்கங்கள் அதிராது. எம்டிஎஃப் தூள் நெஞ்சுக்கு ஆகாது, அறுக்கும்போது முகமூடி போடுங்கள். மூலைகளில் மரப்பசை, அது காய்ந்ததும் உள்பக்கமாக சிலிகோன். புளித்த வாடை வருகிற சிலிகோன் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வாடை போன பிறகுதான் வூஃபரைப் பூட்ட வேண்டும். உள்ளே முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ பாலியஸ்டர் பஞ்சை உதறிப் போடுங்கள், பெட்டி இன்னும் கொஞ்சம் பெரிதானது போல நடந்துகொள்ளும். பருத்திப் பஞ்சு வேண்டாம், கட்டி தட்டிவிடும்.

பூட்டி முடித்ததும், பவர் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் கோனின் இரு பக்கமும் பரவலாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி, சில நொடி அப்படியே பிடியுங்கள். கோன் ஸ்பிரிங் மாதிரி கடைசிவரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. அந்த எதிர்ப்பு மெல்ல மெல்லத் தளர்ந்தால் எங்கோ கசிகிறது. ஒரு தடவை என் பெட்டி படம் பார்க்கும்போது மட்டும் மெல்லிசாக விசில் அடித்தது. இரண்டு நாள் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன், கடைசியில் பார்த்தால் இடம் மாற்றிப் பூட்டிய திருகின் பழைய ஓட்டை, பென்சில் முனை கூட நுழையாத ஓட்டை.

புதுப் பெட்டியிலும் 35 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் காணாமல் போனால் பெட்டியைத் திட்டாதீர்கள், அது அறையின் வேலை. அறை 5 மீட்டர் நீளம் என்றால் 34 ஹெர்ட்ஸ் சத்தம் இரண்டு சுவர் ஓரமும் குவிந்து, நட்டநடுவில் வெறுமையாகிவிடும். சோபா நடுவில் இருந்தால் அரை மீட்டர், முக்கால் மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். அல்லது சப்வூஃபரையே சோபாவில் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ரிசீவரில் (ஹோம் தியேட்டரின் தலைமை ஆம்ப்) கிராஸ்ஓவர், அதாவது கீழ் சத்தத்தைச் சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்பும் எல்லை, 80 ஹெர்ட்ஸ், மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் 'ஸ்மால்' என்று வையுங்கள். பிளேட் ஆம்பில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை அதிகபட்சத்துக்குத் திருப்பி விட்டுவிடுங்கள், இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும்.

கார் ஆம்ப் வேண்டாம். 300 வாட் வெளியே வர 12 வோல்ட்டில் 25 ஆம்பியர், அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால் 35-ஐத் தொடும். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) மாட்டினால் சரியாக வெடிச் சீன் வரும்போது அது பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். அதை மீறித் தாங்குகிற சப்ளை வாங்கும் காசுக்குப் புதுப் பெட்டிக்கான பலகையே வந்துவிடும்.