மெடிக்கலில் வாங்கிய க்ரீமை முதலில் எடுத்துப் பாருங்கள்

கேள்வி: நான் 23 வயதுப் பெண். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. இரண்டு வருடமாக நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பரு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், எலுமிச்சைச் சாறும் தடவுகிறேன். மெடிக்கலில் கொடுத்த க்ரீமைப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது. விட்டால் முன்பைவிட அதிகமாகிறது. மாம்பழம் சாப்பிடுவதால்தான் என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?

பதில்: போட்டால் அடங்குகிறது, விட்டால் கூடுகிறது என்றால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ட்யூபில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை சிவப்பையும் வீக்கத்தையும் அப்போதைக்கு அமுக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், புதுப் பருவும் கிளம்பும். 2018-லேயே இவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டுவிட்டது. சீட்டில்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நிறுத்தியதும் சில வாரங்கள் எரிச்சலும் பருவும் கூடும். பலர் இந்த இடத்தில்தான் பயந்து மறுபடி அதே ட்யூபை எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே காட்டலாம். தோல் எரிந்துகொண்டிருக்கும்போது கீழே சொல்லும் பரு மருந்துகளைத் தொடங்கவும் கூடாது.

எலுமிச்சையை இன்றே விடுங்கள். அது கடும் அமிலம்; தடவிவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருந்திட்டு விழலாம். குளியல் சோப்பு இதற்கு நேர்மாறாகக் காரம். ஐந்தாறு தடவை போட்டால் தோலின் மேலடுக்கு வறண்டு எரிச்சலாகும், எந்த மருந்தும் தாங்காது. காலையும் இரவும் நுரை குறைந்த மிதமான ஃபேஸ் வாஷ் போதும். பட்டறையில் வியர்த்தால் வெறும் தண்ணீரில் அலம்பி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கொலுசு தொட்ட கையாலோ, வேலைத்துண்டாலோ முகத்தைத் தேய்க்காதீர்கள்.

மருந்து என்றால் பெரும்பாலும் இரண்டுதான். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல், இரவில் அடாபலீன் 0.1% ஜெல். பென்சாயில் பெராக்சைடு 5% வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் பெரிதாகக் கூடாது. இது துணியை வெளுக்கும். துண்டு, தலையணை உறை, சுடிதார் கழுத்து ஜாக்கிரதை.

அடாபலீனைப் போடும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பருவின் தலையில் மட்டும் புள்ளி வைக்கிறார்கள். அடுத்த மாதம் வரப்போகும் பரு, கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக இப்போதே தோல் துளைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்; அதைத் திறப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அதனால் முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரு கன்னம், தாடை என்று தொட்டு வைத்து முழு முகத்துக்கும் பரப்புங்கள். கண், உதடு, மூக்கோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மேலே எண்ணெயில்லாத மாய்ஸ்சரைசர் போட்டால் தோல் உரிவது குறையும். ஆரம்பத்தில் பரு கொஞ்சம் கூடுவதுபோல் தெரியும், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பம் என்றாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன் கூடாது.

நம் தோலில் பரு போனாலும் கருப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளாமல் இருப்பதும், காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுவதும்தான் அதைக் குறைக்கும். சேலத்து வெயிலுக்கு ஜெல் வகை ஒத்துக்கொள்ளும். ஏற்காட்டுக் குளிரில் இருப்பவர்களுக்குத் தோல் வறளும் என்பதால் க்ரீம் வகையே சரி.

நெற்றியில் மட்டும் அதிகமென்றால் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிகிறதா பாருங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து அலசிவிடுங்கள், இரவெல்லாம் ஊறவிடாதீர்கள். ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு வந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம்; அதற்கு மருந்து வேறு.

மாம்பழத்தை அம்மா குறை சொல்ல வேண்டாம். பரு அதனால் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காம்புப் பால் பட்டால் உதட்டோரம் புண்ணாகும், அது வேறு விஷயம். சீனி, மைதா அதிகமுள்ள தீனியும், சிலருக்குப் பாலும் பருவைக் கூட்டலாம். அவற்றைக் குறைத்துப் பாருங்கள்.

மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகளோ, குழி விழும் தழும்போ தெரிந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். அதற்குப் பூச்சு மருந்து மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.