வயிற்றுக்குள் குடித்தனம்: கேட்டவையும் சொன்னவையும்

காட்பாடியில் இருக்கிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். குடல் பாக்டீரியா பற்றிக் கேளுங்கள் என்றேன், பல ஊர்களிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன.

ஆரணி: சார், மொச்சைக் குழம்பு சாப்பிட்டாலே வயிறு உப்புகிறது. கெட்ட பாக்டீரியாவா?

இல்லை. மொச்சையிலுள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளை உடைக்கும் என்சைம் நம்மிடம் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கிருக்கும் பாக்டீரியா தின்று வாயு விடுகின்றன. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், குறையும்.

ராணிப்பேட்டை: நார்ச்சத்து நமக்குச் செரிக்காதாம். அப்புறம் எதற்குச் சாப்பிடுவது?

நமக்குச் செரிக்காததுதான் குடல் பாக்டீரியாவுக்குச் சோறு. அதைத் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான்.

நம்ம வேலூரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள் சி.எம்.சி. மருத்துவர்கள். சாதாரணக் கரைசல் குடித்தவர்களைவிட இவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. 2000-இல் வெளிவந்த ஆய்வு. ஓ.ஆர்.எஸ்.ஸில் இருக்கும் குளுக்கோஸ் சிறுகுடலில் உப்பையும் நீரையும் இழுக்கிறது. மாவுச்சத்தோ பெருங்குடல் வரை போய், பாக்டீரியா கையால் அமிலமாகிறது. அந்த அமிலத்தை உறிஞ்சும்போது பெருங்குடலும் உப்பையும் நீரையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் வேலை நடக்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு வீட்டில் மாவு கலக்காதீர்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவே போதும்.

ஆம்பூர்: அப்போ பழைய சோறு?

ஆறின சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, செரிமானத்துக்கு அடங்காமல் நிற்கும். அதுவும் கீழே போய்ச் சேரும். கொஞ்சம்தான், ஆனால் உண்மை.

குடியாத்தம்: ஐயா, நாங்கள் சைவம். வைட்டமின் பி12-ஐ பாக்டீரியாவே செய்கிறதாமே, மாத்திரை எதற்கு?

செய்கிறது, ஆனால் பெரும்பாலும் பெருங்குடலில். பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்வது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். ரயிலில் காட்பாடியில் இறங்க வேண்டியவர், அதைத் தாண்டி ஜோலார்பேட்டையில் கண் விழித்த கதைதான். சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாவும் பி12 செய்கின்றன என்று 1980-இலேயே வேலூர்க்காரர்கள் காட்டினார்கள். அதை நம்பி உட்கார முடியாது. கை கால் மரத்துப்போனால், பி12 குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வாலாஜா: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வயிறு ஏன் கலங்குகிறது?

நோய்க்கிருமி, குடியிருக்கும் பாக்டீரியா என்று மாத்திரை ஆள் பார்க்காது. இரண்டையும் அடிக்கும். டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் சளிக்கு மெடிக்கலில் போய் "போன தடவை கொடுத்ததையே கொடுங்க" என்று வாங்குகிறீர்களே, அதை நிறுத்துங்கள்.

திருப்பத்தூர்: இட்லி மாவில் இருக்கும் பாக்டீரியா குடலுக்குப் போகுமா அண்ணா?

ஆவியிலேயே செத்துவிடும். உயிரோடு போக வேண்டுமானால் மோர் குடியுங்கள்.