ஜப்பானிய அரக்கு ஓவியங்களில் பறவையின் இறகுகள் மயிரிழை போல எப்படி வருகின்றன? பொன் மையில் வரைவார்களா?

பொன்னால் வரைவதில்லை. வரைவது அரக்கால், பொன்பொடி அதன் மேல் தூவப்படுவது. இந்த வேலைக்கு ஜப்பானியர் வைத்த பெயரான 'மாகியே' என்றாலே தூவிய படம் என்றுதான் பொருள்.

இது நம் ஊரில் சொல்லும் பூச்சி அரக்கு இல்லை. உருஷி மரத்தின் பால். சேங்கொட்டையும் அதே குடும்பம்தான். அது பட்டால் தோல் படும் பாடு இதிலும் உண்டு. இறுகிய பின் பயமில்லை.

மெருகேற்றிய கறுப்புத் தளத்தில், செங்காவி கலந்த உருஷியால் மெல்லிய கோடு இழுப்பார்கள். கறுப்பின் மேல் கோடு தெரியவே காவி. கோடு தடித்தால் மேல்தோல் முந்தி இறுகிச் சுருக்கம் விழும். அப்புறம் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஒரு முனையில் பட்டுத்துணி கட்டிய குழாயில் பொடியை இட்டு, விரலால் தட்டித் தட்டித் தூவுவார்கள். ஈரம் மிஞ்சினால் பொன் மூழ்கி மங்கும், இறுகிவிட்டால் ஒட்டாது.

பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். உருஷி ஈரம் வற்றிக் காய்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் நொதி வேலை செய்ய ஈரக்காற்று வேண்டும்: மரப்பெட்டிக்குள் 20–25 டிகிரி, 70–80 சதவீத ஈரப்பதம். வறண்ட அறையில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். ஈரம் அளவு மீறினால் அவசரமாக இறுகிக் கறுக்கும். இறுகியதும் பொடியின் மேல் மெல்லிய உருஷி பூசி, துடைத்து, மறுபடி பெட்டியில் வைத்து, கடைசியில் மெருகேற்றும் நுண்பொடியும் துளி எண்ணெயும் தொட்டு விரல்நுனியால் தேய்த்தால்தான் பொன் பளபளக்கும்.

இனி அந்த மயிரிழைக் கோடு. பல படங்களில் அது வரைந்ததே இல்லை, கீறியது. இறகைப் பூசி, இறுகும் முன் ஊசியால் இழுத்தால் அடித்தளக் கறுப்பு கோடாக வெளிப்படும். ஹரிகாகி என்பார்கள். கியோத்தோவில் 1606-ல் எழுந்த கோதாய்ஜி கோயிலின் அரக்கு வேலைகளில் இலை நரம்புகளை இப்படிக் கீறியிருப்பதைப் பார்க்கலாம். அரக்குக் கலைஞர் ஷிபாதா ஜெஷின் (1807–1891) ஒருபடி மேலே போய், சுருட்டினாலும் உதிராத அரக்கால் காகிதத்திலேயே வரைந்தார்.

வெள்ளைப் பறவைதான் பெரிய தலைவலி. உருஷி இயல்பிலேயே பழுப்பு. எந்த வெள்ளை நிறமியைக் கலந்தாலும் பால்தேநீர் நிறமே வரும். வெள்ளித் தூளோ காலப்போக்கில் கறுக்கும். அதனால் கொக்கின் உடலுக்குக் காடை முட்டை ஓட்டைச் சில்லுச் சில்லாகப் பதிப்பதுண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் சில்லுகளுக்கு நடுவே கறுப்பு இடுக்குகள் தெரியும். எட்ட நின்றால் அவையே இறகு வரிகள்.