லாம் எது, மட்டன் எது?

தம்பி, கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்த கையோடு நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் லாம் (lamb) என்று இருக்கிறது, இறைச்சிக் கடையில் மட்டன் என்கிறார்கள், இரண்டும் ஒன்றா, பிரியாணிக்கு எதை வாங்குவது என்று. நானும் திருச்சியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன்தான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டும் வேறு வேறு ஆடு. கொழும்பில் மட்டன் என்றால் நம்மூர் போலவே பெரும்பாலும் வெள்ளாடு. கடைப் பலகையில் சிங்களத்தில் எளு மஸ் என்று எழுதியிருப்பதும் அதுதான். ஃப்ரீசரில் இருப்பது ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ வருகிற செம்மறி. அந்த ஊர்களில் முற்றின செம்மறிக்குத்தான் மட்டன் என்று பெயர், வெள்ளாட்டை அப்படிச் சொல்வதில்லை. ஒரு வயதுக்குள் இருந்தால் லாம். ஒன்று தாண்டி இரண்டுக்குள் இருந்தால் ஹாகெட். அதனால் பெயரைப் பார்க்கும் முன் எந்த நாட்டுப் பாக்கெட் என்று பாருங்கள்.

வயதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், நம்மூர் ஆட்டுச் சந்தையில் வாயைத் திறந்து 'ரெண்டு பல்லு, நாலு பல்லு' என்பார்களே, அதே வழிதான். ஆட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும், மொத்தம் எட்டு. பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் வந்தால் குட்டிப் பட்டம் போய்விடும். ஆஸ்திரேலியாவில் 2019 ஜூலையிலிருந்து இதைக் கொஞ்சம் தளர்த்தி, முளைத்த பல் மேலே எழுந்து பயன்பாட்டுக்கு வரும்வரை லாம்தான் என்று வைத்திருக்கிறார்கள். பல் எட்டிப் பார்த்த அன்றே விலை இறங்கினால் வளர்த்தவன் என்ன செய்வான், பாவம்.

சரி, சமையல். லாம் சீக்கிரம் வெந்துவிடும். கொழுப்பு கூடுதல், ஒரு தனி வாடையும் உண்டு. வெள்ளாட்டுக்கு விடுகிற மாதிரி விசில் விட்டால் குழைந்துபோகும். சாப்ஸ், கிரில் என்றால் லாம் வாங்குங்கள். பிரியாணிக்கு எலும்போடு வெள்ளாடுதான், இதில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

ஹோட்டலில் கேட்கும்போது லாம் என்று நிறுத்துங்கள். லாம்ப் என்றால் விளக்கு. இறைச்சிக் கடையில் 'அரைக் கிலோ கறி' என்றும் கேட்காதீர்கள், இங்கே கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. ஆட்டிறைச்சி என்று கேளுங்கள். அப்புறம், போயா என்கிற பௌர்ணமி விடுமுறை அன்று இறைச்சி விற்க மாட்டார்கள். ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடும் முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.