சின்ன சங்கத்துக்கு எந்த கணக்கு சொஃப்ட்வெயார் நல்லது, வரி படிவமும் அதுலயே வருமா?

பொகவந்தலாவையில முன்பள்ளி நடத்துற சங்கம், மூணு டீச்சருக்கு சம்பளம், பேங்க்ல ஒரு ஃபிக்ஸட் டிபொசிட், வெளிநாட்டுல இருக்கிற நம்ம புள்ளைங்க அனுப்புற நன்கொடை, இதுக்கு எத வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. நான் தலவாக்கலை பக்கம் இதே மாதிரி ஒரு சங்கத்துல ஆறு வருசமா பொருளாளர்.

வரி படிவத்த நிரப்பித் தரும்னு நம்பி எதுக்கும் காசு குடுத்துடாதீங்க. ஜினூகேஷ்ங்கிற (GnuCash) கணக்கு சொஃப்ட்வெயார்ல வரி ரிப்போர்ட்னு ஒன்னு இருக்கு, அது அமெரிக்கா ஜெர்மனிக்காரங்களுக்கு செஞ்சது, நம்ம இலங்கை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நமக்கு வேண்டியது ஏப்ரல் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் லெட்ஜரும் (ஒவ்வொரு கணக்கோட வரவு செலவு பதிவு) ட்ரயல் பேலன்ஸும் (எல்லா கணக்கோட மீதியும் ஒரே பட்டியல்ல) சரியா வர்றதுதான், அத பாத்து நாமதான் படிவத்த நிரப்பணும். சில சொஃப்ட்வெயார்ல வருசம் ஜனவரில தொடங்குற மாதிரி இருக்கும், மொத நாளே மாத்திடுங்க.

நாங்க பாவிக்கிறது ஜினூகேஷ்தான், இலவசம், இன்டர்நெட்டும் வேணாம். மழை பிடிச்சா மேல் டிவிசன்ல சிக்னலும் இல்ல கரண்டும் இல்ல, ஒன்லைன்ல மட்டும் ஓடுறத வச்சுக்கிட்டு மாசக் கடைசில என்ன செய்றது? மேனேஜர்னு (Manager) இன்னொரு சொஃப்ட்வெயார் இருக்கு, அதோட டெஸ்க்டொப் பதிப்பும் இலவசம்தான், புதுசா பழகுறவங்களுக்கு அது லேசா இருக்கும். ஆனா வாங்குறதுக்கு முன்னால உங்க ஒடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க, அவர் டேலியோ குயிக்புக்ஸோ பாவிச்சா அதுலயே போறது ரெண்டு பேருக்கும் வேலைய குறைக்கும்.

அதவிட முக்கியம் எத எந்த கணக்குல போடுறோம்ங்கிறது. டிபொசிட் வட்டி 10,000 ரூவான்னா பேங்க் 10 சதவீதம் வரி பிடிச்சுக்கிட்டு 9,000தான் போடும் (2025 ஏப்ரலுக்கு முந்தி 5 சதவீதம்). பாஸ்புக்க பாத்து 9,000ன்னு எழுதிட்டா அந்த ஆயிரம் கணக்குலயே இல்லாம போயிரும். வருமானம் 10,000, பிடிச்ச வரி 1,000ன்னு தனித்தனியா போடுங்க, பேங்க்ல அதுக்கு சர்டிஃபிகேட் வாங்கி வைங்க, ரிட்டர்ன் (வரி படிவம்) போடும்போது அந்த ஆயிரத்த கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம்.

சம்பளத்துல நாங்க பட்டது ஒன்னு இருக்கு. டீச்சர்மாருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டிட்டு, வாழ்க்கைச் செலவு அலவன்ஸ வேற கணக்குல போட்டு விட்டுட்டோம். அதுக்கும் கட்டணும், டீச்சர் பங்கு 8, சங்கத்தோட பங்கு 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம். அடுத்த மாசம் கடைசி வேலை நாளுக்குள்ள கட்டலன்னா ஈபிஎஃப்க்கு மேலதிக கட்டணம் 5 சதவீதத்துல தொடங்கி 50 வரைக்கும் ஏறும். பழையத எல்லாம் தேடி எடுத்து கட்டி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தவணைக்கு புள்ளைங்களுக்கு கொப்பி வாங்க வச்சிருந்த காசு போயிருச்சு, இன்னும் அது மனசுல உறுத்துது. அதனால அலவன்ஸயும் சம்பளத்துக்கு கீழயே போடுங்க.

ரிட்டர்னுக்கு கடைசி நாள் நவம்பர் 30, டின் நம்பர் (வரி கட்டுறவங்களுக்கான அடையாள இலக்கம்) இல்லன்னா இப்பவே எடுத்துடுங்க.

உங்க சங்கம் எங்க, என்னன்னு பதிஞ்சிருக்கு? அரச சார்பற்ற நிறுவனமா கணக்கெடுத்தா வர்ற நன்கொடையில 3 சதவீதத்த வருமானம்னு எடுத்து வரி போடுவாங்க, சங்கத்தோட பதிவு பத்திரத்த பாத்து சொன்னீங்கன்னா நன்கொடைய எப்படி பிரிச்சு போடுறதுன்னு எழுதுறேன்.