பியோனி தழைக்கிறது, பூக்கவில்லை: உரம் போடும் முன் தூரைக் கிளறிப் பாருங்கள்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் கிழங்கை நட்டு மூன்று ஆண்டு ஆகிறது. நல்ல வெயில் விழும் இடம். செடி இடுப்பளவு தழைக்கிறது, பூ மட்டும் இல்லை. இந்த ஆண்டு இரண்டே மொட்டு வந்தது. அதுவும் பட்டாணி அளவிலேயே கருகிவிட்டது. மொட்டில் எறும்பும் மொய்த்தது. குளிர் தாக்கக் கூடாதென்று ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தூரில் ஒரு கூடை தொழு உரம் குவிக்கிறேன். எறும்புக்கு என்ன மருந்து அடிக்கலாம்? பூக்க என்ன உரம் வைக்கலாம்?

பதில்: எறும்புக்கு மருந்தும் வேண்டாம், பூக்க உரமும் வேண்டாம். என் சந்தேகமெல்லாம் அந்த ஒரு கூடைத் தொழு உரத்தின் மேல்தான்.

பியோனிக் கிழங்கின் தலையில் அடுத்த ஆண்டுக்கான முளைக்கண்கள் இலையுதிர் காலத்திலேயே உருவாகிவிடும். அந்தக் கண்கள் மண்மட்டத்திலிருந்து 2.5 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குள் இருக்க வேண்டும். குளிர் மிதமான பகுதி என்றால் 2.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதைவிட ஆழத்தில் புதைந்தால் தண்டு வரும், இலை வரும், பூ வராது. நடும்போது ஆழம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆண்டுக்கு ஒரு கூடை வீதம் மேலே ஏற்றியதில் இப்போது கண்கள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்தால்தான் தெரியும்.

இலைகள் பழுத்து அடங்கியதும் தூரில் மண்ணை விரலால் மட்டும் விலக்குங்கள். களைக்கொட்டு கூடாது, கண் ஒடிந்தால் அந்தத் தண்டு போனதுதான். பழுப்பு நிறத் தடித்த கிழங்கின் மேல், காய்ந்த தண்டின் அடியை ஒட்டி, இளஞ்சிவப்பாகக் கூர்நுனியோடு நிற்பதே கண். அதன் நுனியிலிருந்து மண்மட்டம் வரை அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். மேலே கிடக்கும் எரு மட்டும்தான் கூடுதல் என்றால் வழித்து எடுத்துவிட்டால் போதும். கிழங்கே ஆழத்தில் இருந்தால் எடுத்து நட வேண்டும், அதையும் அதே இலையுதிர் காலத்தில்தான் செய்ய வேண்டும். வசந்தத்தில் தோண்டினால் செடி மேலும் பின்தங்கும்.

எடுக்கும் முறை இதுதான். தண்டுகளை 5 செ.மீ. விட்டு அறுத்துவிட்டு, தூரிலிருந்து 30 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் தோண்டி, தோட்டம் கிளறும் முள்கரண்டியால் நெம்பித் தூக்குங்கள். வேர் மளுக்கென்று முறியும் தன்மையுடையது. ஆகவே கழுவி இரண்டொரு மணி நேரம் நிழலில் போட்டால் சற்றுத் துவண்டு கைக்கு வசப்படும். மூன்று வயதுச் செடியைப் பிரிக்க அவசியமில்லை. பிரித்தே ஆக வேண்டுமென்றால் துண்டுக்கு 3 முதல் 5 கண் இருக்கட்டும். ஒன்றிரண்டு கண் மட்டும் உள்ள துண்டு பூக்க வருடக்கணக்கில் காக்க வைக்கும். குழி 45 செ.மீ. அகலம், அதே ஆழம். மக்கிய உரத்தை அடிமண்ணோடு கலந்துவிடுங்கள், கிழங்கை மட்டும் வெறும் மண் சூழட்டும். குழியின் குறுக்கே ஒரு குச்சியை வைத்துக் கண்ணின் ஆழத்தை அளந்து மூடுங்கள். தண்ணீர் விட்டதும் மண் அமுங்கிக் கிழங்கும் இறங்கும், பலரும் தவறுவது இங்கேதான். நீர் வடிந்த பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். ஏற்கெனவே பியோனி இருந்த குழியைத் தவிர்த்துப் புதிய இடம் பாருங்கள். செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி, நாளுக்கு 6 மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத வடிகால்.

கருகிய மொட்டு தனிக் கதை. மொட்டின் மேல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து, கீழே தண்டும் கறுத்து மெத்தென்று இருந்தால் அது போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணத்தால் வரும் அழுகல். தூரை ஒட்டிய ஈர எரு அதற்கு ஏற்ற இடம். நோயுற்ற பகுதியை நல்ல தண்டு வரை வெட்டி அப்புறப்படுத்துங்கள். இலையுதிர் காலத்தில் தண்டு, இலை அனைத்தையும் தரையோடு அறுத்துத் தோட்டத்தை விட்டே வெளியேற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வசந்தத்தில் முளை வெளிவந்ததும் செம்பு சார்ந்த பூஞ்சணக்கொல்லியைப் பாக்கெட்டில் குறித்த அளவில் தெளிக்கலாம். பூசணமே இல்லாமல் மொட்டு காய்ந்து சருகானால், மொட்டு கட்டும் நேரத்தில் உறைபனி விழுந்திருக்கும் அல்லது மண் காய்ந்திருக்கும். அந்த நாட்களில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள், இலை நனையாமல்.

எறும்பு மொட்டின் புறவிதழில் கசியும் இனிப்பு நீருக்காக வருகிறது. கெடுதலும் இல்லை, எறும்பு ஏறினால்தான் மொட்டு விரியும் என்பதும் உண்மையில்லை. பூவைப் பறித்ததும் உதறிவிட்டால் போயிற்று.

உரம் போட்டே ஆக வேண்டும் என்றால், தழைச்சத்து குறைந்த 5-10-10 கலவை (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) ஒரு சிறு கைப்பிடி, வசந்தத்தில் முளை வந்த பிறகு, தூரிலிருந்து 15 செ.மீ. தள்ளி. இடுப்பளவு தழைத்த செடிக்குத் தழைச்சத்து கூடினால் இன்னும் இலைதான் மிஞ்சும். குளிருக்கு மூடாக்கு புதிதாக நட்ட முதல் ஆண்டுக்கு மட்டும் போதும்: மண் உறைந்த பின் வைக்கோலைத் தளர்வாகப் பரப்பி, முளைக்கும் முன் எடுத்துவிடுங்கள். வேரூன்றிய செடிக்குக் குளிர்தான் வேண்டும். குளிர்காலமே இல்லாத ஊரில் இந்தக் கிழங்கை வாங்குவதே வீண்செலவு.

மாற்றி நட்ட மறு வசந்தத்திலேயே பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். பூத்த பிறகும் இலையை இலையுதிர் காலம் வரை அறுக்காமல் விடுங்கள், கண்களுக்குச் சோறு போடுவது அந்த இலைதான். பூ பறிக்கும்போதும் தண்டில் இரண்டு மூன்று இலையாவது செடியிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் ஆண்டுதோறும் தரையோடு அடங்கும் வகைக்கு. உங்களுடையது கட்டைத்தண்டு நிலைத்து நிற்கும் மரப் பியோனியாக இருந்தால் கணக்கு தலைகீழ்: ஒட்டுக் கட்டிய பகுதி 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதைய வேண்டும், தண்டைத் தரையோடு அறுக்கவும் கூடாது.