எதற்காக இன்னும்?

கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டாருக்குப் பாரமாகிவிட்டேன். எதற்காக இன்னும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, நானும் அதே இயந்திரத்தை நம்பி வாழ்பவள்தான். நான்கு மணி நேரம் படுத்து எழுந்தபின் வீட்டுப் படி ஏறுவதே மலையேற்றமாகிவிடும். மதுரை வெயிலில் தண்ணீரை அளந்து குடிப்பது அதைவிடக் கொடுமை.

பெரிய காரணம் எதையும் தேடாதீர்கள். கிடைக்காவிட்டால் சோர்வுதான் கூடும். எனக்கு மல்லிகை போதுமானதாக இருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டுத் தம்பி மாட்டுத்தாவணி பூச்சந்தையிலிருந்து உதிரி மல்லி வாங்கி வருவார். மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நாரால் முடிச்சிடுவேன். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடக்கை வலித்தால் நிறுத்திவிடுவேன். மாலையில் மொட்டு விரிவதற்குள் தெருப் பிள்ளைகளின் தலைக்குச் சரம் போய்ச் சேர வேண்டும். அந்த அவசரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாரம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வீட்டாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் மனச்சோர்வு பரவலாக இருக்கிறது. அது கோழைத்தனம் அல்ல, சிகிச்சை உள்ள நோய். எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால் இரவென்றும் பார்க்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.